புல்லட் கிளம்பாவிட்டால் முதலில் ஆம்மீட்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பாயிண்ட் (பிளக்கில் பொறி விழ, சரியான நேரத்தில் கரண்ட்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய 350 சிசி புல்லட் கிளம்ப மறுத்தால், பலரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அதிலும் தீராவிட்டால் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்கிறார்கள். புல்லட் தயாரித்த திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தப் பாயிண்டோடுதான் வண்டிகள் வெளிவந்தன. ஒழுங்காகச் சோதித்தால் பழுது பெரும்பாலும் சில்லறைச் செலவில் முடிந்துவிடும்.

ஹெட்லைட் மேலிருக்கும், பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்மீட்டரே பாதி விடையைச் சொல்லிவிடும். விளக்குகளை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சாவியைப் போட்டு, டீகம்ப்ரசரை (இன்ஜினின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்தபடி கிக்கரை மெல்ல இறக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பேட்டரி, சுவிட்ச், காயில் (பேட்டரி வோல்டேஜைப் பொறிக்கு வேண்டிய அளவு உயர்த்துவது) வழியாகப் பாயிண்ட் வரை கரண்ட் வருகிறது. இனி கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் தடுப்பது), பிளக், பிளக் ஒயர், காயிலில் பிளக்குக்குப் போகும் செகண்டரி சுற்று இவற்றைப் பார்க்கலாம். நடுவிலேயே நின்றால் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், பாயிண்ட் முகத்தில் படிந்த அழுக்கு. மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் ஒயர் எங்கோ எர்த் ஆகிறது. புதுப் பாயிண்ட் மாட்டிய கையோடு இப்படி நின்றால், ஸ்பிரிங் முனையிலுள்ள ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒயர் முனையும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், போல்ட்டையோ பிளேட்டையோ தொடக் கூடாது. (சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடேறிக் கருகும்.)

பாயிண்ட் முழுதாகத் திறந்த இடத்தில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; கண் மதிப்பு வேண்டாம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள். பாயிண்டைத் திறக்கும் சுழல் மேடான கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி விழும் நேரமும் (டைமிங்) பின்தங்கும். கேமுக்குத் துளி கிரீஸ் போதும். அதிகம் போட்டால் தெறித்துப் பாயிண்டிலேயே ஒட்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முகத்தில் ஆக்சைடு படிந்திருக்கும். 400 நம்பர் எமரியால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த அட்டையை நடுவில் விட்டு இழுங்கள். புதுப் பாயிண்டையும் ஒருமுறை பெட்ரோலில் துடைத்துத்தான் மாட்ட வேண்டும், அதில் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும்.

பாயிண்டில் பெரிய பொறி பறந்து, பிளக்கில் மட்டும் மெலிந்த ஆரஞ்சுப் பொறி வந்தால் கண்டென்சர் போய்விட்டது. இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது, வேலை செய்யும் பழையதைச் சும்மா மாற்றாதீர்கள். காலையில் கிளம்பி, ஓடிச் சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி கிளம்பினால் காயிலையும் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) சுமார் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். ஆனால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

முழுதாகச் சார்ஜான பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். பாயிண்ட் மூடியிருக்க, சாவி போட்டு, பேட்டரி பிளஸுக்கும் காயிலுக்கு வரும் ஒயருக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சிலோ ஒயர் முனைகளிலோ துரு. புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் எர்த் ஒயர் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கும், அந்த இடத்தைச் சுரண்டி இரும்பு தெரிய வைக்க வேண்டும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பார்க்காமல் பேட்டரியை மாற்றி மாட்டினால் ரெக்டிஃபையர் (பேட்டரி சார்ஜ் ஆக ஏசி கரண்ட்டை டிசியாக்குவது) போய்விடும்.

எலக்ட்ரானிக் கிட்டும் இதே பேட்டரியிலும் இதே சுவிட்சிலும்தான் ஓடுகிறது. வோல்டேஜ் குறைந்தால் அதுவும் மக்கர் செய்யும். மாட்டியே தீருவதென்றால், கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் கண்டென்சரையும் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். கிட் நடுவழியில் போனால் அதைச் சாலையோரத்தில் சரிசெய்ய முடியாது.

இப்படிக்கு,
பழைய வண்டி மெக்கானிக்குகள் இருவர்,
கோயம்புத்தூர்.