இரண்டு கோடு ஒட்டிக்கொண்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கணினிப் பக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பழைய கணினிகளை ரீபூட் செய்யும் (மறுபடி எழுப்பும்) கட்டளை பற்றிப் போட்டிருந்தீர்கள். அதில் அடுத்தடுத்து வர வேண்டிய இரண்டு சின்னக் கோடுகள் அச்சில் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகிவிட்டன. தென்காசியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், “அண்ணாச்சி, பேப்பர்ல உள்ளபடி அடிச்சேன், எடுக்க மாட்டேங்கு” என்று எனக்குப் போன் செய்தார்.

சரியானது இது: ரீபூட், இடைவெளி, இரண்டு கோடு, இடைவெளி, ஒரு கோடு, அதை ஒட்டிச் சின்ன ஆர். மாட்டியிருக்கும் சாதனங்களைப் புதிதாகத் தேடச் சொல்வது அந்த ஆர். அந்த இரண்டு கோடுதான் எல்லை. அதற்கு முன்னால் உள்ளது ரீபூட் கட்டளைக்கு. பின்னால் உள்ளது அடுத்து எழும்பப்போகும் சோலாரிஸ் இயங்குதளத்துக்கு. எல்லை இல்லாவிட்டால் ஆர் தனக்கு வந்தது என்று ரீபூட் எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது என்று கையை விரித்துவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தபோது ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்ற சன் இயந்திரம் ஒன்று இருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, சாதனங்களை இணைக்கும் ஸ்கஸி கேபிளில் புதுசாக டேப் டிரைவ் மாட்டினோம். பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் டேப்புக்கான டைரக்டரி காலி. நான் மூன்று தடவை சுவிட்சை அணைத்துப் போட்டேன். மூன்றாவது தடவை டிஸ்க்கைச் சரிபார்க்க ஆரம்பித்தது, வண்ணார்பேட்டை வரை போய் டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. அப்புறம் வந்த சார், “ஏல, சுவிட்சுல ஏன் கை வைக்க? புதுசா ஒரு பெட்டி வந்திருக்குன்னு அதுகிட்ட சொன்னியா?” என்று கேட்டு, மேலே சொன்னதை அடித்தார். எழும்பும்போதே சாதனங்களை எல்லாம் தேடிப் பெயர் எழுதிக்கொண்டது. டேப் வந்துவிட்டது.

ஆருக்குப் பதில் எஸ் போட்டால் பராமரிப்புக்கான ஒற்றைப் பயனர் நிலையில் எழும்பும். சோலாரிஸ் எழும்பாமல், திரையில் ‘ஓகே’ என்ற வரியைக் காட்டிக் கட்டளைக்காக நிற்கிற இயந்திரத்துக்கு ‘பூட்’ அடித்து, இடைவெளி விட்டு, ஒரு கோடு ஆர் போதும். அங்கே இரட்டைக் கோடு வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ரீபூட் கட்டளை ஓடுகிற சேவைகளை முறையாக நிறுத்தாது. நாலு பேர் வேலை பார்க்கும் இயந்திரம் என்றால், ரூட் டைரக்டரியில் ‘ரீகன்ஃபிகர்’ என்ற பெயரில் காலிக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு (ஆர் செய்கிற வேலையை அது செய்யும்), சேவைகளை முறையாக நிறுத்தி ரீபூட் செய்யும் ‘இனிட் 6’ கட்டளையைக் கொடுப்பதே நல்லது.

திருத்தம் போடும்போது கோடுகளைத் தனித்தனியாக அச்சிடுங்கள். மறுபடியும் ஒட்டிக்கொள்ளுமானால் என்னைப் போல எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை