செவந்தி இங்கேயே இருக்கட்டும்

லெஸ்டர், இங்கிலாந்து,
மார்ச் 9

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உன் ஆபீஸில் யாரோ ஒருவர், உன்னோடு ஒரே ஒரு தடவை டீ குடித்தவர், "பதினோரு வருஷமா ஒரு உயிரைப் பெட்டியில அடைச்சு வெச்சிருக்கியே, பாவமில்லையா?" என்று கேட்டாராம். நீயும் நம் சிலந்தி செவந்தியை ஏதாவது மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனில் எனக்கு எப்போதுமே வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கொடுக்க வேண்டாம் கண்ணு.

செப்டம்பரில் நீ ஸ்காட்லாந்தில் டண்டீக்குப் போனதிலிருந்து செவந்தியின் பெட்டி சாப்பாட்டு அறையில் உன் புத்தக அலமாரி மேல்தான் இருக்கிறது. வீட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்த உடனே ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பார்சல் கொண்டு வந்த பையன் கடித்தால் ஆள் காலி என்றான். டரான்டுலா, அதாவது இவளைப் போன்ற பெரிய முடிச் சிலந்தி, கடித்து மனிதர் செத்ததாக நம்பும்படி ஒரு பதிவும் இல்லை என்று நீ சொல்லிக் கொடுத்ததை அவனுக்குச் சொன்னேன், நம்பவில்லை. அம்மாவின் தோழி ஒருத்தர், கல்யாணப் பேச்சு வரும்போது இதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்து எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் கையுறை போடாமல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பின்னங்காலால் தன் வயிற்று முடியை என் மேல் உதைத்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே மூன்று நாள் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். கோயிலில் அதைப் பார்த்த பாட்டி இது அக்கிதான், காவி எழுதினால் சரியாகும் என்றார். எங்கள் ஊரிலும் குயவர் வீட்டுக்குப் போய் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருவோம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது அக்கி இல்லை. ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் முடி வந்துவிடும் என்று நீ சொன்னபடி செய்தேன், அடங்கியது. இப்போது மூடியைத் திறக்கும்போது கையுறையோடு கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன். அந்த முடி கண்ணில் போனால் லேசில் வராது என்று நீ சொன்னதை மறக்கவில்லை.

ஜனவரியில் நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். பாய்லர் நின்றுபோன வாரம், இரவில் அறை 17 டிகிரிக்கு இறங்கியது. பழுது பார்க்க வந்தவர் கதவருகிலேயே நின்றுகொண்டு, "வெயில் நாட்டுப் பிராணி, ஹீட் லாம்ப் இல்லாம செத்துடும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று மாலையே கடைக்குப் போய் விளக்கு வாங்கினேன். கடைப் பையன் தானாகவே ஒரு பஞ்சுத் துண்டையும் எடுத்துக் கொடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் சிலந்தி மூழ்கிவிடும் என்றான். அதையும் செய்தேன். மூன்றாவது நாள் மண் வெளுத்துப் பொடியாகிக் கிடந்தது. செவந்தி முன்னங்கால் இரண்டையும் கிண்ணத்தில் வைத்து, வாயைப் பஞ்சில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். வயிறு ஒரு சுற்று சுருங்கியிருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு உன்னை எழுப்பியது அதற்குத்தான். நீ தூக்கக் கலக்கத்திலும் வரிசையாகச் சொன்னாய்: விளக்கை அணையுங்கள், பஞ்சை எறியுங்கள், அதில் கிருமிதான் வளரும், கிண்ணம் நிறையத் தண்ணீர் வையுங்கள், நாலு ராத்திரி 17 டிகிரி அவளை ஒன்றும் செய்யாது. இரண்டே நாளில் வயிறு பழையபடி ஆனது. சொன்னவர்கள் இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேரும் பெட்டிக்குள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்க்கிற ஆளும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலந்திக் கண்காட்சிக்குப் போனோமே, நீ காப்பி வாங்க வரிசையில் நின்றாய். அப்போது என் பக்கத்தில் ஒரு வயதானவர் வந்து உட்கார்ந்தார். நாங்கள் 'மெக்சிகோ ரெட் நீ' என்கிற சிவப்பு முழங்கால் சிலந்தி வளர்க்கிறோம் என்றதும், பெரியதா குட்டியா, பெட்டி எவ்வளவு உயரம், மண் எவ்வளவு ஆழம், மேலே ஏறுகிறாளா, உள்ளே கல் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டி 30 செ.மீ., மண் 5 செ.மீ. என்றேன். அப்புறம்தான் யோசனை சொன்னார். இது தரையில் வளை தோண்டி வாழ்கிற இனம். கண்ணாடியில் ஏறித் தவறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும், கிழிந்தால் பிழைப்பது கடினம். மண்ணிலிருந்து மூடி வரைக்கும் அவள் கால் விரித்த அகலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். கால் விரித்தால் அவள் 14 செ.மீ. கணக்குப் போட்டுப் பார்த்து அன்று ராத்திரியே மண்ணைக் கூட்டினோம்.

அப்போது நீ அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வெந்நீர் வாளியில் போட்டாய். ஊறி, பொங்கி, வாளி விளிம்புக்கு வந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. அது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கிற மஞ்சி மில் வாசம். உறையைத் திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சி என்று அச்சடித்திருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மில்லுக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து கிடக்கும், யாரும் சீண்ட மாட்டார்கள், மழையில் ஊறிக் கறுத்துப்போகும். அந்த நார்க் கழிவைத்தான் இப்போது பித் கட்டியாக அழுத்திக் கப்பலில் அனுப்புகிறார்கள். அதன் மேல் ஒரு மெக்சிகோ சிலந்தி லெஸ்டரில் படுத்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் எனக்கு நம் வீட்டு ஆளாகத் தெரிந்தாள். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

சரி, பிப்ரவரிக்கு வருகிறேன். தோல் உரித்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் மெசேஜ் போட்டேன். நடந்தது அவ்வளவு சுலபமில்லை.

அக்டோபர் கடைசியிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை. வயிற்றில் முடி போன வழுக்கை இடம் முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்தது. அன்று சனிக்கிழமை. காலையில் பார்த்தால் மண்ணின் மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல நூல் நெய்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு சுவர்க்கோழி உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது, இடுக்கியால் எடுத்துவிட்டேன். தோல் உரிக்கும் நேரத்தில் அந்தப் பூச்சியே அவளைக் கடித்துத் தின்றுவிடும் என்று நீ சொல்லியிருந்தாய்.

ராத்திரி விருந்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஒன்பதேகால் இருக்கும், ஒருவர் அலமாரிப் பக்கம் போனவர், "அண்ணா, உங்க பூச்சி போயிருச்சு" என்றார். எட்டுக் காலும் மேலே, மல்லாந்து கிடந்தாள். அவர் ஊரில் தோட்டம் வைத்திருப்பவர், ஆடு மாடு அறிந்தவர், அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. வாசம் வருவதற்குள் தூக்கிப் போடுங்கள் என்றார். இன்னொருவர், திருப்பிவிட்டால் எழுந்துகொள்ளும் என்று சாம்பார்க் கரண்டியோடு வந்து மூடியில் கை வைத்துவிட்டார். நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். யாரும் தொடக் கூடாது என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்படிப் பேசியது அம்மாவுக்கே திகைப்பு.

அலமாரிப் பக்கவாட்டில் நீ ஒட்டிவிட்டுப் போன தாள்தான் எனக்குத் தைரியம். "மல்லாந்து கிடந்தால் சாகவில்லை, தோல் உறிக்கிறாள். தொடாதீங்க. திருப்பாதீங்க. நிமிர்ந்தபடியே காலை எல்லாம் வயித்துக்கு அடியில் சுருட்டிக்கிட்டு இருந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க." உரிக்கிறாள் என்பதற்கு வல்லின ற போட்டிருக்கிறாய். திருத்த மனம் வராமல் அப்படியே விட்டிருக்கிறேன். கால் சுருள்வதற்குக் காரணமும் நீ சொன்னதுதான்: காலை நீட்டுவது உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம், நீர் வற்றினால் கால் தானாகச் சுருண்டுகொள்ளும். செவந்தியின் கால்கள் அன்று சுருளவில்லை, விரிந்திருந்தன. அதை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். தோட்டக்காரர் அரைமனதோடு தலையாட்டினார்.

எல்லோரும் போனபிறகு விளக்கைக் குறைத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்குமேல் முதுகு ஓடு ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது, டப்பா மூடி திறக்கிற மாதிரி. வயிற்றின் ஓரத்தில் பழைய தோல் கிழிந்து மெல்ல ஒதுங்கியது. அப்புறம் கால்கள். ஈரமான முழுக்கைச் சட்டையிலிருந்து கையை இழுப்பதுபோல எட்டையும் ஒரே நேரத்தில் இழுத்தாள். ஒரு இழுப்பு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு இழுப்பு. பன்னிரண்டு மணிக்கு அம்மா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே இருக்கிறேன் என்றாள். கடைசிக் கால் வெளியே வந்தபோது பழைய தோல் பக்கத்தில் இன்னொரு சிலந்தியாகவே கிடந்தது. இவளுடைய கடிவாய்ப் பற்கள் இரண்டும் தேங்காய்ப்பால் வெள்ளையாக இருந்தன. முழங்கால் சிவப்பு, பதினோரு வருஷத்தில் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. மூன்றரை மணிக்குத் தானாகப் புரண்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு அந்தக் கரண்டி உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. பற்கள் கறுத்து இறுகும்வரை இரை போடவில்லை. பதினைந்தாம் நாள்தான் ஒரு சின்னச் சுவர்க்கோழி.

பாவம் என்று சொன்னவரிடம் வருகிறேன். கேள்வியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். காட்டிலிருந்து பிடித்து வந்து விற்பது பாவம்தான். மெக்சிகோவில் இந்த இனத்தை அளவில்லாமல் அள்ளியதால்தான் 1985-இல் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. கோயிலில் ஒருவர், ஊருக்குப் போகும்போது நம் நாட்டு நீலச் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்தால் நல்ல விலை போகும் என்று எனக்கு யோசனை சொன்னார். ஆந்திராவில் நல்லமலைக் காட்டில் ஒரு சின்ன மூலையில் மிஞ்சியிருக்கிற உயிர் அது. ராமேஸ்வரத்தில் இருக்கிற அதன் சொந்தக்கார இனமும் அழிவின் விளிம்பில்தான். அவரிடம் கடுமையாகவே பேசிவிட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் செவந்தி மெக்சிகோவைப் பார்த்ததே இல்லை. இந்த நாட்டில் பிறந்தவள். பச்சைப்பயறு அளவில் ஒரு சின்ன டப்பாவில் நீ அவளைக் கொண்டுவந்தபோது உனக்குப் பதினைந்து வயது. வெளியே விட்டால் ஒரு குளிர்காலம் தாண்ட மாட்டாள், அப்படி விடுவது 1981-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி இங்கே குற்றமும்கூட. மிருகக்காட்சி சாலையிலும் கண்ணாடிப் பெட்டிதான். காட்டிலேயே பெண் சிலந்தி ஒரே வளையில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு, ராத்திரி வாசலில் வந்து இரைக்குக் காத்திருக்கும் என்று நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய். அவளுக்கு வேண்டியது இருட்டு, ஆழமான மண், தண்ணீர், தொந்தரவு செய்யாத ஆட்கள். நாலும் இங்கே இருக்கிறது. அவள் இன்னும் பத்து வருஷத்துக்கு மேலேயே இருப்பாள், நானும் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்காமல் யோசனை சொன்னவர்களில் முதல் ஆள் நான்தான். படிப்பு கெடும் என்றேன். பிறகு பாசம் வந்து, ஒற்றையாகக் கிடக்கிறாளே, துணைக்கு இன்னொன்று விடு என்று ஒரு மாதம் நச்சரித்தேன். விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்று நீ பொறுமையாக எத்தனை தடவை சொன்னாய்! கையில் எடுத்துப் பழக்கினால் நம்மை அடையாளம் தெரிந்துகொள்ளும் என்றும் சொன்னேன். அவளுக்கு நம்மைத் தெரியாது அப்பா, அதிர்வு மட்டும்தான் தெரியும் என்றாய். அன்றைக்கு அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிப்ரவரியில் அந்த ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தபோது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பதினோரு வருஷம் நீ அவளைப் பார்த்திருக்கிறாய், நான் ஆறு மாதமாகத்தான் பார்க்கிறேன். டீ குடித்தவர் பார்க்கவே இல்லை. அவர் சொன்னதற்காக நீ தூக்கம் கெட வேண்டாம் சாமி.

உரித்த தோலை நீ சொன்னபடி ஈரப்படுத்தி, கால்களை விரித்துப் பஞ்சின் மேல் காய வைத்தேன். பல்லின் தோல்கூட முழுசாக இருக்கிறது. தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும் என்று அம்மாவின் பழைய வளையல் பெட்டியில் வைத்து உன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது பார்க்கலாம். வருகிற வழியில் பித் கட்டி இரண்டு கிடைத்தால் வாங்கி வா. இங்கே தீர்ந்துவிட்டது, மண்ணில் ஒரு மூலையைத் தோண்டித் தோண்டி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா