சிறுநீரடைப்பு குறித்துப் பர்மாத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும்,

வணக்கம்.

யாங்கூனிலும் பகோவிலும் மோன் மாநிலத்து ஊர்களிலும் நம் கோயில்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். ஆனால் ‘ஐயா, சிறுநீர் ஒழுங்காகப் பிரிகிறதா?’ என்று அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது இம்முகாம்களில் உதவி வருபவள் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு முகாமுக்கு எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது, வயிறு உப்பியிருக்கிறது, எல்லாம் வாயுதான் என்றார் மருமகள். படுக்க வைத்துத் தொப்புளுக்குக் கீழே தட்டிப் பார்த்தபோது வாயு நிறைந்த வயிற்றின் ஓசை வரவில்லை. மந்தமாக, கனத்த ஓசை வந்தது. சிறுநீர் போகிறதா என்று கேட்டதற்கு, “ஒன்னுக்கு நல்லாத்தான் போகுதும்மா, நிக்காமப் போய்க்கிட்டே இருக்கு, ராத்திரிக்கு மூணு கைலி மாத்துறோம்” என்றார். அன்று மாலை மருத்துவமனையில் சிறுநீர்ப்பைக்குள் குழாய் போட்டபோது, அதோடு இணைத்த சேகரிப்புப் பையில் நீர்மட்டம் 1500 மில்லி லிட்டர் கோட்டையும் தாண்டி ஏறியது. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் பன்மடங்கு கூடியிருந்தது. அவருடைய சிறுநீரகங்கள் பிறகு ஓரளவு தேறின, முழுமையாகத் தேறவில்லை.

அந்த மருமகள் சொன்னதில் பொய் ஏதுமில்லை. நீரடைப்பு என்றால் ஒரு சொட்டும் வராது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நலமாக இருப்பவரின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். அதில் பாதி நிறைவதற்குள்ளாகவே போக வேண்டும் என்ற உணர்வு தொடங்கிவிடும். போய் முடித்தபின் உள்ளே எஞ்சுவது மிகச் சொற்பம், பெரும்பாலும் 50 மில்லிக்குள். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபடும்போது பை சிறிது சிறிதாக விரிந்து கொடுத்து, வலியே இல்லாமல் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று தேக்கி வைத்துக்கொள்கிறது. அதற்குமேல் இடமில்லாத நிலையில் மிகுதி தானாக வழிந்து கைலியை நனைக்கிறது. வீட்டார் அதைக் கட்டுப்பாடு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொடுப்பதைக் குறைத்து, கட்டிலில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிடுகிறார்கள். வயதான ஆண் ஒருவர் புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அது முதுமையின் தளர்ச்சி என்று முடிவு கட்டுவதற்கு முன் பை நிறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

திடீரென்று வரும் அடைப்பு வேறு மாதிரி. அடிவயிறு கல் போல இறுகி, போக வேண்டும் என்ற தவிப்பு உயிரை எடுக்கும், ஆனால் வராது. எழுபதைத் தாண்டிய ஆண்களில் பத்தில் ஒருவருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் இது நேர்கிறது என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. இது விடியட்டும் என்று காத்திருக்கும் நோயன்று. குழாய் போட்டு வெளியேற்றுவதுதான் முதல் மருத்துவம். வேறு குறுக்குவழி கிடையாது. அந்த நேரத்தில் நெருஞ்சில் கஷாயமும் பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டுச் சாறும் கொடுப்பது, மதகு அடைபட்ட ஏரிக்குள் இன்னும் ஒரு வாய்க்காலைத் திருப்பிவிடுவதற்கு ஒப்பாகும். நாட்டு மருந்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்து அதற்கு வழி திறந்திருக்கும்போதுதான் பயன்படும்.

காரணங்களில் முதலிடம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு. ஐம்பதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது தொடங்கிவிடுகிறது, வயது ஏற ஏறக் கூடுகிறது. இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எனினும் புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தாலேயே பலர் மருத்துவரிடம் போவதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். அடுத்தது நம்மிடையே பரவலாக உள்ள சர்க்கரை நோய்: நீண்ட காலம் கட்டுப்படாத சர்க்கரை சிறுநீர்ப்பையின் நரம்புகளை மழுங்கடிக்கிறது, பை நிறைந்ததே தெரியாமல், காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மட்டும் போய்வந்து, அதைத் தம் கட்டுப்பாட்டுக்குச் சான்றாக நினைப்பவர்கள் உண்டு. பக்கவாதம், முற்றிய மலச்சிக்கல், சிறுநீர்ப்பாதைச் சுருக்கம், கல், அறுவைச் சிகிச்சையின்போது கொடுத்த மயக்க மருந்து ஆகியவற்றாலும் வரும். மூட்டை தூக்கியபின் முதுகுவலியோடு சிறுநீரும் நின்று, தொடைகளின் உட்புறமும் இருக்கைப் பகுதியும் மரத்துப்போனால் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியதன் அடையாளமாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனை சேர வேண்டும்.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. வைகாசியில் மழை பிடித்துவிட்டால் சளியும் தும்மலும் வீட்டுக்கு வீடு வரும். கடைக்குப் போய் “சளிக்கு ஒரு பொட்டலம்” என்று கேட்டால், பெயரற்ற நான்கைந்து மாத்திரைகளை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள். வெற்றிலைக் கடையிலும்கூட அது கிடைக்கிறது. சளி மாத்திரைகளில் பொதுவாக இருக்கும் குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபிட்ரின் பையின் கழுத்தை இறுக்குகிறது. இளைஞருக்கு இதனால் பெரும் தீங்கில்லை. ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கி, முக்கி முக்கிப் போய்க்கொண்டிருக்கும் பெரியவருக்கோ, இரண்டு வேளை மாத்திரையே முழு அடைப்பைக் கொண்டுவந்துவிடலாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும், டிரமடால் போன்ற வலி மருந்துகளும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. உறையின் மேல் பெயர் எழுதியிராத மாத்திரையை வயதானவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று வாரப் பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் ஒலிபெருக்கியில் இரண்டு வரி சொன்னால், அதனால் விளையும் நன்மை பெரிது.

பெண்களுக்கு இந்நோய் குறைவே தவிர, இல்லாமல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு, குறிப்பாக வெகுநேரம் வலி எடுத்தவர்களுக்கும் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தவர்களுக்கும், பை உணர்விழந்து நீர் தேங்குவதுண்டு. குழந்தை பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாளா என்று பார்ப்பது அதனால்தான். அடி இறங்கிய, அதாவது கருப்பை கீழே சரிந்த மூதாட்டிகள் கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிக்க முடிகிறது என்பதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. இத்துடன் திருவிழாவையும் சொல்ல வேண்டும். பூமிதிக்கும் காவடிக்கும் லாரியிலும் பேருந்திலும் வரும் பெண்கள் கழிப்பறை இருக்காது என்று தெரிந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், பங்குனி வெயிலில் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அடக்கி வைப்பதும் அடைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஒருநாள் அடக்கியதால் யாருக்கும் பை செயலிழந்துவிடாது. ஆனால் நீர் குடிக்காமல் அடக்கும் பழக்கம் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கும். பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் உள்ள கழிப்பறைகளுக்கு ஒதுக்குங்கள் என்பதற்கு மேல் இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தேங்கிய நீர் செய்யும் கேடு அடிவயிற்றோடு நிற்பதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகும். அது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட வராமல், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாத குழப்பமாக அது வெளிப்படுவதுண்டு. காற்று சேட்டை என்று மந்திரிக்க அழைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உப்புகள் படிந்து கல் உண்டாகும். அளவுக்கு மீறி விரிந்த பையின் தசை, அடைப்பை நீக்கிய பின்னும் பழையபடி சுருங்காமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பையில் ஏறிய அழுத்தம், சிறுநீரகங்களிலிருந்து பைக்கு வரும் குழாய்கள் வழியே மேலேறிச் சிறுநீரகங்களை வீங்கச் செய்து, இரண்டையும் ஒருசேரப் பழுதாக்குகிறது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்றால், நகையை விற்றுக் காப்பாற்றும் குடும்பங்கள் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். உரிய காலத்தில் பார்த்திருந்தால், டாம்சுலோசின் போன்ற மாத்திரையோ, சிறுநீர்ப்பாதை வழியாகவே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சையோ போதுமாயிருந்திருக்கும்.

குழாய் போட்டவுடன் வலி பறந்துவிடுவதால், ‘சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்’ என்று நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடும் குடும்பங்கள் பல. நெடுநாள் தேங்கியிருந்தவர்களில் சிலருக்கு அடைப்பு நீங்கியதும் சிறுநீர் வெள்ளமாகப் பெருகும். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் உடலின் நீரும் உப்பும் வற்றி இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால்தான் மருத்துவர்கள் ஒருநாளாவது இருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின், குழாயோடு இணைத்த சேகரிப்புப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். குழாயை இழுக்கவே கூடாது. உள்ளே அதைப் பிடித்து நிறுத்துவது நீர் நிரப்பிய ஒரு சிறு பலூன், இழுத்தால் சதை கிழிந்து இரத்தம் கொட்டும்.

இனி, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் ஒவ்வொரு வெள்ளியும் தேவாரம் பாடி வந்த பெரியவர், குழாயும் பையுமாக வீடு திரும்பியபின் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிறுநீர்ப் பையைக் கட்டிக்கொண்டு சந்நிதிக்குள் வரலாமா என்று யாரோ கேட்டுவிட்டார்களாம். அப்படிக் கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பேச்சு ஊருக்குள் பரவியபின், அதே தொல்லை உள்ள மற்றவர்கள் குழாய் போட மறுத்தார்கள்; அவர்களில் ஒருவர் மாதக்கணக்கில் மறைத்து வைத்து, சிறுநீரகம் கெட்ட பிறகுதான் வந்தார். நம் உடம்புக்குள் எப்போதும் இருக்கும் நீர் ஒரு மூடிய பையில் இருப்பதால் மட்டும் தீட்டாகிவிடாது என்று நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. குருக்களும் அறங்காவலரும் சேர்ந்து, குழாய் போட்டிருப்பவர்கள் தாராளமாகக் கோயிலுக்கு வரலாம் என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னால் கேட்பார்கள். அதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இன்னும் நல்லது.

முகாமைப் பொறுத்தவரை பெரும் செலவு ஏதுமில்லை. புராஸ்டேட் தொல்லையின் அளவை அறிய உலகெங்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் பயன்படுகிறது. முழுதாகப் போன நிறைவு இல்லையா, தாரை மெலிந்துவிட்டதா, விட்டு விட்டுப் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பன போன்ற எளிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8ஐ எட்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், 20ஐ எட்டினால் தாமதிக்கவே கூடாது. புதிதாகப் படுக்கை நனைகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். சர்க்கரை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு திரைச்சீலையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினால் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அடிவயிற்றை ஸ்கேன் செய்யும் ஒரு கருவியை முகாம் நாளில் மட்டும் வரவழைக்க முடிந்தால், போய்வந்தபின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை வலியின்றிக் கண்டுகொள்ளலாம். முடியாவிட்டாலும் கேள்விகளைக் கைவிட வேண்டாம்.

இரவில் வண்டி கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், நடுநிசியில் அடைத்துக்கொண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது யார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டையில் பரஹித அமைப்பின் (இலவச அறப்பணிக் குழுவின்) ஆம்புலன்ஸ் இருந்தால் அவர்களோடு பேசி, அழைக்க வேண்டிய எண்ணைக் கோயில் வாசலில் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இரண்டு மூன்று பேரின் பெயரையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முகாமுக்கான கூட்டத்தை எப்போது கூட்டுகிறீர்கள் என்று சொல்லி அனுப்பினால், அந்த ஏழு கேள்விகளை எளிய தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். பெண்களிடம் பேச, விளக்குப் பூஜைக்கு முன் அரை மணி நேரம் கொடுத்தால் போதும். ஆண்களிடம் பேசுவதற்கு ஓர் ஆண் மருத்துவரை ஏற்பாடு செய்யுங்கள். என்னிடம் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
யாங்கூன்.