கொடி ரோஜா கேட்டால் காட்டு ரோஜாவா? பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், ஆர்டர் எண் கேட்கிறார், போட்டோ கேட்கிறார், "மேலே சொல்லி இருக்கோம் மேடம்" என்கிறார், அதோடு சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டீர்கள். என்ன தீர்ந்தது? வாசல் வளைவில் நீங்கள் அனுப்பிய கொடி ரோஜாவுக்குப் பதிலாக இன்னும் முள் புதர்தான் நிற்கிறது.

நான் வாங்கியது உங்கள் உயர ரோஜா காம்போ. அதில் குயின் எலிசபெத் ஒன்று, கருஞ்சிவப்பு டான் ஜுவான், வெள்ளை கிளைம்பிங் ஐஸ்பெர்க் என்று கொடி ரோஜா இரண்டு. குயின் எலிசபெத் சரியாகத்தான் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. பிரச்சினை கொடி இரண்டிலும்தான். டான் ஜுவான் என்று சீட்டுக் கட்டிய செடியிலும் கிளைம்பிங் ஐஸ்பெர்க் என்று சீட்டுக் கட்டிய செடியிலும் ஒட்டுப் போட்ட இடம் கறுத்துக் காய்ந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே, வேருக்காக வைக்கிற காட்டு ரோஜாவான அடிச்செடியிலிருந்து கிளம்பியதுதான் இப்போது வளைவு முழுக்க ஏறி நிற்கிறது. கருஞ்சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, இதுவரை ஒரு மொட்டுகூட வரவில்லை. நர்சரியில் வேலை பார்த்த எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்தார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி பிசிர் பிசிராக இருப்பதைக் காட்டி, "இது ஒட்டுக்கு அடியில வைக்கிற மல்டிஃப்ளோரா, நீங்க வாங்கின ரகம் செத்துப்போச்சு" என்றார். பார்த்த உடனே சொல்லிவிட்டார். ரோஜாவை வைத்தே பிழைப்பு நடத்தும் உங்களுக்கு, நான் அனுப்பிய அத்தனை போட்டோவிலும் அது தெரியவில்லையா?

உங்கள் ஆள் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "கொடியாத்தானே மேடம் ஏறுது, அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?" இதை என்னால் மறக்கவே முடியவில்லை. பூவே இல்லையே என்றேன். "ஒரு அடிக்கு வெட்டி விடுங்க, தன்னால பூக்கும். யூடியூப் பாத்துட்டு எங்களுக்கே பாடம் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். அடிச்செடியை வெட்டினால் மறுபடி அடிச்செடிதானே துளிர்க்கும், டான் ஜுவானா முளைத்து வரும்? சரி, அது நிஜமான கிளைம்பிங் ஐஸ்பெர்க்காகவே இருந்தாலும் அப்படி வெட்டச் சொல்லலாமா? புதர் ஐஸ்பெர்க்கில் 1968-இல் தானாகக் கிளைத்த கொடி ரகம் அது. அந்த மாதிரி ரகங்களை முதல் ஓரிரு வருடத்திலேயே ஒட்ட வெட்டினால் கொடிக் குணம் போய் மறுபடி புதராகிவிட வாய்ப்புண்டு. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

மாற்றுச் செடி அனுப்புகிறோம் என்றீர்கள். அதைக் கேரளாவில் இருக்கும் புனலூருக்கு அனுப்பினீர்கள்! நான் இருப்பது புளியரை. கேட்டால் "உங்க ஊர் கேரளாதானே மேடம்" என்கிறார்கள். எங்கள் செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1-ஆம் தேதியே திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் சேர்ந்துவிட்டது. 627 என்று தொடங்கும் பின்கோடு கேரளாவில் எங்கே இருக்கிறது? நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னதால், என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, கொட்டுகிற சாரலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஆரியங்காவு மலைப்பாதை வழியாகப் புனலூர் போனார். அங்கே பார்சல் காலையிலேயே திரும்பிப் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கக்கூடாதா? நனைந்துபோய் வந்து மனிதர் காய்ச்சலில் படுத்ததுதான் மிச்சம். அந்தச் செடி இன்று வரை எந்த ஊரில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

"செடி உயிருள்ள பொருள், 7 நாளுக்கு மேல் ரிட்டர்ன் கிடையாது" என்று இன்னொருவர் விதி படித்தார். வந்து இறங்கியபோது கொடிகள் இரண்டிலும் ஒட்டுக்கு மேலே பச்சைதான் இருந்தது. உள்ளே ஒட்டுப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவருக்கு 7 நாளில் எப்படித் தெரியும்? அதைப் பார்த்து அனுப்புவது உங்கள் வேலை.

எங்களுக்கு ஆன நட்டம் உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. செடிக்குக் கொடுத்த காசை விடுங்கள், இந்தக் கொடிக்காகவே பட்டறையில் சொல்லி ஜிஐ பைப்பில் வளைவு அடித்தோம். கொடியை நேராக மேலே விட்டால் நுனியில்தான் பூக்கும், படுக்கையாக வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக் கிளை விட்டு அத்தனையிலும் பூக்கும் என்பதால், கையெல்லாம் முள் கிழிக்க ஒவ்வொரு கிளையாக இழுத்துக் கட்டினோம். எதை? உங்கள் காட்டுச் செடியை! கொடி ரோஜா நிறைந்து பூக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். இனி புதிதாக வைத்தாலும் முதலிலிருந்துதான். மகள் கல்யாணத்துக்கு வாசல் முழுக்க டான் ஜுவான் மணக்க வேண்டும் என்று ஆசை ஆசையாக வளர்த்தோம், எல்லாம் பாழ். லட்ச ரூபாய் கொடுத்தாலும் அந்த வருடங்களை நீங்கள் திருப்பித் தர முடியாது.

சாரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே இலையில் ஈரம் காயாது, கரும்புள்ளி நோய் வருமே என்று வாங்கும் முன்பே கேட்டேன். தாங்கும் என்று எழுத்தில் பதில் தந்தீர்கள், அந்த மெயில் பத்திரமாக இருக்கிறது. தாங்குகிறதா இல்லையா என்று பார்க்கவாவது அந்த ரகம் உயிரோடு இருக்க வேண்டாமா?

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. உங்கள் குயின் எலிசபெத்தைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை நாள் பொறுமையாக இருந்தேன். தயவுசெய்து கொடிகள் இரண்டுக்கும் உரிய பணம், வளைவுக்கு ஆன செலவு, புனலூர் போய்வந்த செலவு இவற்றை 15 நாளுக்குள் என் கணக்கில் போடுங்கள். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் பேசிய தேதியும் நேரமும் என்னிடம் இருக்கிறது, அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று நீங்கள்தானே ஆரம்பத்தில் சொல்கிறீர்கள், எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். பில், சீட்டுகள், போட்டோ, மெயில் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் செடிகளையும் பிடுங்கவில்லை, கறுத்துப்போன ஒட்டோடு அப்படியே நிற்கின்றன. சந்தேகமிருந்தால் செடி தெரிந்த ஒருவரை அனுப்பிப் பாருங்கள்.

மறுபடி மாற்றுச் செடி அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். பணம்தான் வேண்டும்.

இப்படிக்கு,
புளியரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்