கண்ணாடிப் பணம்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில், "சின்ன சேவை கிளப்தானேப்பா, கணக்கில் குறையுற அந்த 1,440 ரிங்கிட் வெள்ளியை நானே போட்டுடுறேன்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் வேண்டாம் பாப்பா.

கிளப்புக்கு இரண்டு கணக்கு. உறுப்பினர் சந்தா நிர்வாகத்துக்கு, ஊரில் திரட்டுவது சேவைக்கு. விருந்து வைத்தால் மண்டபம், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கலாம். மிச்சம் முழுக்க ஊருக்கே திரும்ப வேண்டும். இந்த வருஷம் 50 வெள்ளி டிக்கெட் 180 விற்றோம். செலவு போக 3,600 நின்றது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்க.

ஓட்டை சந்தாவில்தான். கிளப்பின் தலைமையகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையை எண்ணி பில் அனுப்பும். பட்டியலில் பெயர் இருந்தால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தபோது காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவனுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழாது, கூலியும் கிடையாது. இங்கே வராதவருக்காக நாம் கட்டுகிறோம்! சந்தா கட்டாதவர் எட்டுப் பேர், ஆளுக்கு 180 வெள்ளி. அந்தப் பள்ளத்தைப் போன பொருளாளர் கண்ணாடிப் பணத்தில் நிரப்பிவிட்டார். திருடவில்லை, பாவம். செக்கில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. பார்க்காமல் போட்டேன்.

நீ போட்டால் கணக்கு நேராகிவிடும், எட்டுப் பெயரும் அப்படியே இருக்கும். அடுத்த பில் வரும்போது யாரிடம் கேட்பது?

தாத்தாவின் பெட்டியில் ஒரு ரசீது இருக்கிறது, பார்த்திருப்பாய். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் எல்லோரும் கலங்கி நின்றபோது, தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கவென்று அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால்மரம் சீவிய கூலியில் கட்டிய பத்து வெள்ளி. சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். விருந்து டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரி ஆட்கள்தான்.

ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும். அதில் இந்த 1,440-ஐ, சந்தாக் கணக்கு சேவைக் கணக்குக்குத் திருப்ப வேண்டிய கடன் என்றே காட்டப்போகிறேன். தலைவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

இன்று அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் வீடு ஏறினேன். ஒருவர் பேரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார், அதுவே லாபம். இன்னொருவர் 50 வெள்ளியும் ஒரு டுரியானும் தந்தார். வெள்ளிக்கு ரசீது எழுதிவிட்டேன். டுரியானை எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசிப்பதற்குள் அம்மா பிளந்துவிட்டாள்.

அப்பா