பெட்ராவில் பார்த்த வாய்க்கால்

உ
சிவமயம்

சித்திரை 9

அன்பு மகன் சொக்குவுக்கு,

ஆத்தா எழுதுவது. நானும் உன் தகப்பனார் அப்பச்சியும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள். போன வாரம் போனில் எங்கள் ஜோர்டான் பயணத்தைப் பற்றி, ஒட்டகம் ஏறினீர்களா, சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று கேட்டாய். பதில் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஏறவில்லை, ஒத்துக்கொண்டது. ஆனால் நான் உன்னிடம் சொல்ல வைத்திருந்தது வேறு. பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மொத்தம் 28 பேர். பாதிப் பேர் எங்களைப்போல் அறுபதைத் தாண்டியவர்கள். சென்னையில் விமானம் ஏறி, நடுவில் ஓரிடத்தில் மாறி, ஜோர்டானில் போய் இறங்கினோம். தலைநகரத்தின் பெயர் அம்மான். தாய்மாமனைக் கூப்பிடுகிற பெயரில் ஒரு ஊர்! இறங்கியதுமே எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. நம் ஊர் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது, உடம்புக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

முதல் நாள் ஜெராஷ். ரோமானியர் காலத்து ஊர். முட்டை வடிவத்தில் ஒரு பெரிய திடல், சுற்றிலும் தூண் தூணாக நிற்கிறது. நன்றாக இருந்தது. மறுநாள் சாக்கடல். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறதாம். அப்பச்சி தண்ணீரில் மல்லாந்து படுத்தார், தக்கை மாதிரி மிதந்தார். படம் அனுப்பியிருந்தேனே, பார்த்திருப்பாய். இரண்டும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மூன்றாம் நாள் பெட்ராவைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

பெட்ராவுக்குள் போக ஒரே ஒரு பெரிய வழி. மலை இரண்டாகப் பிளந்த இடுக்கு, அதைச் சீக் என்கிறார்கள். 1.2 கிலோமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த பாறை, அண்ணாந்தால் வானம் ஒரு நாடா மாதிரி தெரிகிறது. அப்பச்சிக்கு முட்டு வலி என்பதால் பேட்டரி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் நடந்தேன். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். எனக்கு வெயில் கண்ணைக் கூசியதால் பாறை ஓரமாகக் குனிந்து போனேன். அப்போதுதான் கவனித்தேன். இடுப்பு உயரத்துக்குப் பாறையிலேயே ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது, கூடவே நெடுக வருகிறது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது, நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைத் தொட்ட மாதிரி. எதிர்ப் பக்கம் இன்னொன்று. அதில் சுட்ட மண் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள், ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகி. சில துண்டுகள் இன்னும் அப்படியே சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. 2000 வருஷத்துக் குழாய், சொக்கு.

வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். அவன் இங்கிலீஷில் சொல்ல, எங்களோடு வந்த சென்னைத் தம்பி தமிழில் சொன்னான். அந்த ஊரைக் கட்டியவர்கள் நபத்தேயர் என்ற அரபுக் கூட்டம். முதலில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு அலைந்தவர்கள், அப்புறம் வியாபாரத்தில் இறங்கியவர்கள். தெற்கு அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினும் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடல் வரை போய் விற்றிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சரக்கும் அந்த வழியில் போயிருக்கிறது. சேர நாட்டு முசிறியில் மிளகு ஏற்றுவதைச் சொல்கிற அந்தக் காலத்துக் கிரேக்கக் கப்பல் குறிப்பு ஒன்று, செங்கடலில் ஒரு துறைமுகத்திலிருந்து பெட்ராவுக்குப் பாதை போவதையும் சொல்கிறது. அதைக் கேட்டதும் அப்பச்சி, "இவங்களும் கொண்டு விற்கப் போனவங்கதானே" என்றார். அன்று முழுக்க அதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. உன் ஐயா வியாபாரம் செய்த ரங்கூன் கிட்டங்கி நினைவு வந்திருக்கும்.

அந்த மலையில் வருஷத்துக்குப் பெய்கிற மழை சுமார் 15 சென்டிமீட்டர்தான். நம் சிவகங்கைச் சீமை வறண்ட பூமி என்கிறோம், நமக்கே 90 சென்டிமீட்டர் பெய்கிறது. அவ்வளவு குறைந்த மழையை வைத்துக்கொண்டு 20,000 பேருக்கு மேல் குடியிருந்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பக்கத்து மலை ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. வழியில் வண்டல் தங்க அங்கங்கே சின்னத் தொட்டி. மலைமேல் விழுகிற மழையைப் பாறையில் காடி வெட்டித் திருப்பி, பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் இறக்கி, உள்ளே சாந்து பூசி வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் அவர்கள் தோண்டிய தொட்டிகளுக்கு வாய் சின்னதாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்குமாம். வாயை மூடி, தங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளம் போட்டுவிட்டுப் போவார்களாம். இதை அந்தக் காலத்துக் கிரேக்கர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் வளவுதான் கண்முன் வந்தது. நாலு பக்க ஓடும் உள்நோக்கிச் சரிந்து, மழைத் தண்ணீர் முழுக்க முற்றத்தில் இறங்கும். உன் அப்பத்தா மூலைக்கு ஒரு அண்டா வைப்பார், வாயில் வெள்ளை வேட்டி கட்டி. நிரம்பி வழிவது தரைக்கடியில் போய்த் தெரு வாய்க்காலில் விழுந்து ஊருணிக்குப் போகும். உனக்கு ஆறேழு வயசிருக்கும், காகிதக் கப்பல் விட்டு அது ஊருணி வரை போகிறதா என்று பின்னாலேயே ஓடுவாய். நினைவிருக்கிறதா?

சீக் முடிகிற இடத்தில் திடீரென்று அந்த முகப்பு தெரிகிறது. கஸ்னா. சுமார் 40 மீட்டர் உயரம், ஒரே பாறை. கல்லை அடுக்கிக் கட்டியது இல்லை, மலையையே செதுக்கியது. உச்சியிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கால் வைத்து ஏறிய குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயிலும் மேலிருந்து கீழே வெட்டியதுதானே, நீ காலேஜில் படிக்கும்போது போயிருந்தோம். பிள்ளையார்பட்டிக் குடைவரைக்குள் நிற்கும்போது வருகிற அந்தக் குளிர்ச்சி அங்கேயும் இருந்தது. கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அது ராஜா ஒருவருக்குக் கட்டிய சமாதியாக இருக்கும், நான்காம் அரேத்தாஸ் என்பவர், 2000 வருஷத்துக்கு முன்னால் ஆண்டவர் என்று சொன்னார்கள். கஸ்னா என்றால் கருவூலம். உச்சியில் இருக்கிற கல் குடத்துக்குள் புதையல் இருப்பதாக நம்பி, நாட்டுப்புறத்து ஆட்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த தழும்பு குடம் முழுக்க இருக்கிறது. குடம் உள்ளும் புறமும் கல்தான்.

அந்தத் தண்ணீர்க் கதையில் இன்னொன்று இருக்கிறது. சீக்கின் வாசலிலேயே நபத்தேயர் ஓர் அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பாலைவனத்தில் மழை பெய்தால் தண்ணீர் நம் ஊர் மாதிரி ஊறி இறங்காது, சுவர் மாதிரி வரும். காலப்போக்கில் அந்த அணை தூர்ந்துபோய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. 1963-இல் ஒரு நாள் வெள்ளம் பழைய வழியிலேயே சீக்குக்குள் புகுந்து, உள்ளே நின்றிருந்த 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் அணையை எடுத்துக் கட்டினார்கள். நான் நடந்துவந்த அதே இடுக்கில்! கேட்டபோது உடம்பு நடுங்கியது.

ஊர் எப்படிப் பாழானது என்றும் கேட்டேன். 106-இல் ரோமானியர் எடுத்துக்கொண்டார்கள். சரக்கு கடல் வழியாகவும் வேறு ஊர்கள் வழியாகவும் போக ஆரம்பித்தது. 363-இல் பூகம்பம் வந்து கட்டடங்களோடு தண்ணீர் வழிகளையும் உடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஜனம் போய்விட்டது. 1812-இல் ஒரு சுவிஸ்காரர் அரபு வேஷத்தில் போய்ப் பார்த்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டவருக்குத் தெரிந்ததாம். அதற்காக அங்கே ஆள் இல்லாமல் இருந்தது என்று நினைக்காதே. பதூன் என்கிற பாலைவன நாடோடி ஜனங்கள் அந்தக் குகைகளில்தான் குடியிருந்தார்கள். 1985-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த சமயத்தில் அவர்களைப் பக்கத்துக் கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பகலில் வந்து வியாபாரம் செய்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படி ஒரு அம்மாளைப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். பாறை நிழலில் சாக்கை விரித்து, கரிப்பிடித்த கெட்டிலில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பேரன் தூரத்திலிருந்து "யம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான். நான் திரும்பிவிட்டேன், சொக்கு. நீ கூப்பிடுகிற மாதிரியே காதில் விழுந்தது. அங்கேயும் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். சின்னக் கண்ணாடிக் கிளாசில் தேநீர், ஏதோ மூலிகை இலை போட்டது, மரமியா என்றாள். சர்க்கரை தூக்கல். நான் பையிலிருந்து சீப்புச்சீடை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பேரனுக்கு என்று முந்தானை மாதிரி இருந்த துணியில் முடிந்துகொண்டாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகத் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ரொம்ப நேரம் என்கிறேன், கால் மணி இருக்கும். அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். இது எனக்கு மனக்குறைதான். நோட்டீசில் பெட்ராவுக்கு முழு நாள் என்று போட்டிருந்தார்கள். கொடுத்தது நாலு மணி நேரம். ஆனால் வழியில் ஒரு மொசைக் கடையில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். மலைமேல் மடம் என்று கஸ்னாவைவிடப் பெரிய முகப்பு ஒன்று இருக்கிறதாம், 800 படிக்கு மேல் ஏற வேண்டும். என்னால் மெதுவாக ஏறியிருக்க முடியும். நீ பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகும்போது கூட்டத்தோடு போகாதே. பெட்ராவுக்கு மட்டும் இரண்டு நாள் வை, காலையில் திறந்ததும் உள்ளே போய்விடு.

அன்று இரவு வாடி ரம் பாலைவனத்தில் கூடாரம். திறந்த ஜீப்பில் கூட்டிப்போனார்கள். செம்மண் நிறத்தில் மணல், நம் ஊர்ப் பொட்டலில் நிற்கிற மாதிரிதான் முதலில் இருந்தது, ஆனால் நடுவில் மலைகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. கஸாலி என்ற இடுக்கில் பாறைச் சுவர் முழுக்கப் பழைய எழுத்தும் மனித உருவமும் பாதச்சுவடும் கீறி வைத்திருக்கிறார்கள். அந்த வழியே போன ஒட்டகக் கூட்டத்துக்காரர்கள் நின்று கீறியது. ராத்திரி மணலைத் தோண்டிக் குழிக்குள் இறக்கி வைத்த கறியையும் உருளைக்கிழங்கையும் வெளியே எடுத்தார்கள். பஞ்சாக வெந்திருந்தது. காரம் கிடையாது, நாங்கள் பருப்புப்பொடி போட்டுக்கொண்டோம். சாப்பிட்டபின் விளக்கை அணைத்தார்கள். அத்தனை நட்சத்திரத்தை நான் சின்னப் பிள்ளையில் மொட்டை மாடியில் படுத்தபோது பார்த்தது. குளிருக்கு அப்பச்சி என் சால்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, "ஊருக்குப் போனதும் ஊருணி வரத்துக்காலைப் பார்க்கணும்" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டபோது பழைய வாய்க்கால் மேலேயே போட்டுவிட்டார்கள். அதிலிருந்து மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்கிச் சாக்கடையில் போகிறது. ஊருணிக்கு வருவது பாதிகூட இல்லை. செம்புறாங்கல் படிகளில் கடைசி ஏழு எப்போதும் வெளியே தெரிகிறது. வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுக்கிறார்கள். நம் செட்டிநாட்டு ஊர்களும் 2014-இல் இருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் நாமே இங்கே குடியிருக்கும்போது தண்ணீர் வந்த வழி தூர்ந்து கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஊரில் இருப்பவர்கள் பேசி முடிவு செய்துவிட்டோம். வைகாசியில் ஊருணி வற்றும்போது தூர் வாரி, தெரு வாய்க்காலைத் தோண்டித் திறப்பது. ஆள் கூலிக்குப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று புள்ளிவரி போடுகிறார்கள். நம் வீட்டுக்குப் பதினொரு புள்ளி. சிங்கப்பூரில் இருக்கிற உன் பெரியப்பச்சி மகனிடமும், சென்னையில் இருப்பவர்களிடமும் நீ பேசினால் கேட்பார்கள். நான் சொன்னால் "ஆத்தாவுக்கு வேறு வேலை இல்லை" என்பார்கள். இந்த வாரமே பேசு. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம், மொத்தம் வந்தால் போதும்.

அப்புறம், இந்த வருஷம் ஐப்பசியில் வருவதாகச் சொன்னாயே, அதை மாற்றாதே. பரண்மேல் கிடந்த அப்பத்தாவின் அண்டா இரண்டையும் இறக்கி, புளி போட்டு விளக்கி, ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். மூலைக்கு ஒன்று வைக்கலாம். பேத்திக்குக் காகிதக் கப்பல் செய்யத் தெரியுமா?

அன்புடன்,
ஆத்தா