உப்பை ஒளி காட்டிக்கொடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் ஆற்றில் ஒளி உணரிகளை (தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவிகள்) இறக்கிவிட்டால் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எங்கள் பக்கம் பேச்சு அடிபடுகிறது. கல்லூரி ஆய்வகத்தில் கலரிமீட்டரோடு (கரைசலின் நிறச்செறிவை அளக்கும் கருவி) காலம் தள்ளியவன் நான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யாரும் உப்பைப் பற்றிப் பேசக் காணோம்.

சாயம் ஒளியை உறிஞ்சுவதால் உணரியிடம் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கரிமக் கழிவுகளில் பலவும் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் சிக்கும். கேனில் தண்ணீர் பிடித்துப் போய் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அளவு) பார்த்தால் முடிவு வர மூன்று நாள்; உணரியோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடும். நள்ளிரவில் மழையோடு மழையாகத் திறந்துவிடுகிறவர்களுக்கு இது சரியான வைத்தியம்.

சரி, உப்பு? பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆக வேண்டும். நிறத்தை எடுத்த பிறகும் அது தண்ணீரிலேயே கிடக்கும். ஒளி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். திருப்பூரைத் தாண்டி நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலங்களைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்குத்தான். 2006-இலும் 2011-இலும் உயர் நீதிமன்றம் தலையிட்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் டம்ளரில் பளிங்காக இருக்கிறதே தவிர, அதில் பருப்பு வேகாது. பாய்ச்சினால் தென்னை ஓலை நுனி கருகுகிறது. தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும்; ஒளி உணரிக்குப் பக்கத்திலேயே அந்த மின்கடத்துத்திறனைப் பார்க்கும் கருவியும் இருந்தால்தான் உப்பு பிடிபடும். அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

அப்புறம் பராமரிப்பு. ஆற்றில் கிடக்கும் உணரியின் கண்ணாடியில் பாசி படியும். தானியங்கித் துடைப்பான் இருந்தாலும் ஆள் போய்க் கழுவி, அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். புதுவெள்ளம் வந்தால் சேறும் ஒளியை மறைக்கும். கலங்கலைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் செம்மண் தண்ணீரையும் கழிவு என்றே காட்டும். நீதிமன்றத்தில் அந்த ஓர் ஓட்டை போதும், வழக்கு நிற்காது.

ஆகவே டெண்டரில் கருவி விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பூருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். கோவையிலிருந்து வரும் சாக்கடை எவ்வளவு, திருப்பூரில் சேருவது எவ்வளவு என்று பிரித்துத் தெரியும். அளவுகளை ஆற்றோர ஊராட்சி அலுவலகங்களின் பலகையில் அன்றன்றைக்கே எழுதிப் போடவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
காங்கயம் வட்டம்